நெஞ்சுக்குள் பார்க்கும் படிப்பு

பார்க்க முடியாத ஒன்றைப் பற்றி உறுதியாகப் பேசுவதுதான் இதய வைத்தியம். எழுபதுகளின் கடைசியில், தை தொடங்கிப் பங்குனி வரை, என்னால் எதைப் பற்றியும் உறுதியாகப் பேச முடியாமல் போயிற்று. அதுதான் கோளாறு. இன்னும் ஒரு படிப்புப் படிக்கலாமா வேண்டாமா என்று மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருக்கும் டாக்டர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆறுதல் எதிர்பார்க்காதீர்கள்.

கூப்பிட்டவர்

அப்போது காரைக்குடியில் சொந்தமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தேன். ஸ்டெதாஸ்கோப், ஈ.சி.ஜி. பெட்டி, ஒரு பழைய எக்ஸ்ரே. அவ்வளவுதான் என் ஆயுதம்.

மெட்ராசில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியருக்குப் புது மிசின் வந்திருந்தது. நெஞ்சின் மேல் ஒரு குழலை வைத்தால், ஒலி உள்ளே போய்த் திரும்பி வந்து, இதயத்தின் வால்வு அசைவதைக் காகிதத்தில் கோடாக வரைந்துவிடும். ஒரு வருஷம் என்னோடு இருந்து கற்றுக்கொள், பங்குனிக்குள் பதில் சொல் என்றார். காரைக்குடியில் அந்த மிசின் கிடையாது. படித்துவிட்டு வந்து எதை வைத்துப் பார்ப்பது? முதலில், இந்தச் சமாசாரம் நிலைக்குமா? அவரிடமே கேட்டேன்.

"நிலைக்குமா நிலைக்காதான்னு எனக்கே தெரியலைய்யா. அதுக்குத்தானே உன்னைக் கூப்பிடுறேன்" என்றார்.

முதுகுப் பக்கம்

நேமத்தான்பட்டிச் செட்டியார் ஒருவர் நெஞ்சு படபடக்கிறது என்று வந்தார். எக்ஸ்ரே எடுத்தோம். நான் பார்ப்பதற்கு முன்னால் அவர் மகன் அவசரப்பட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு மெட்ராசுக்குப் போய்விட்டான். அங்கே படம் பார்ப்பதற்கென்றே தனியாகப் படித்த ஒருவர், இதயத்துக்குள் ஏதோ உருண்டையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். வீடே சாப்பிடவில்லை.

சட்டையைக் கழற்றச் சொன்னேன். மணிவிழாவில் அணிந்த ஒற்றை உருத்திராட்சம் முதுகில் தொங்கியது. படம் எடுக்கும்போது கழுத்தில் கிடப்பதைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். கழற்றக் கூடாது என்பதால் மனுஷன் மரியாதையாக முதுகுப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார். எக்ஸ்ரேக்கு முன் பக்கம் பின் பக்கம் கிடையாது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கெஞ்சிக் கழற்ற வைத்து மறுபடி எடுத்தேன். ஒன்றுமில்லை. சட்டையைக் கழற்றினால் தெரிவதற்கா ஒரு வருஷப் படிப்பு, போகப் போவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அவரோ முதல் படத்தைத் தரமாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டார்.

"நெஞ்சுக்குள்ள சிவன் இருக்காருன்னு படம் புடிச்சே காட்டிட்டீக. இதை விட்டுட்டுப் போவேனா டாக்டர்?"

மெட்ராஸ் ரயில்

அந்த முடிவு மாசி வரைக்கும் இருந்தது. பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். மூச்சு வாங்கியது. வால்வு சுருங்கியிருக்கிறது என்று காது சொன்னது. எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று காது சொல்லவில்லை. கொஞ்சம் என்றால் மருந்தோடு பிள்ளை பெறலாம். ரொம்ப என்றால் தாய்க்கே ஆபத்து. ஊகித்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. பேராசிரியரின் மிசினுக்கு அனுப்பினேன்.

ரயிலில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே போயிருக்கிறாள். அங்கே குழலை வைத்த கொஞ்ச நேரத்தில் பதில் தெரிந்துவிட்டது. கொஞ்சம்தான் சுருக்கம். ஆவணியில் பெண் பிறந்து இருவரும் சுகம், அது பிறகு. ஊர் திரும்பிய அன்றே அவள் மாமியார் என் முன்னால் வந்து நின்றாள். நன்றி சொல்ல வந்தாள் என்று நினைத்தேன்.

"அந்த மிசினு வித்தையை நீகளே படிச்சிருந்தா, புள்ளத்தாச்சி இம்புட்டுத் தூரம் அலைஞ்சிருக்க வேணாமுல்ல?"

வீட்டில்

போகலாம் என்று பெட்டியை எடுத்தேன். மறுநாள் பரணில் போட்டேன். பிறகு மறுபடி எடுத்தேன். மனைவியிடம் நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"போனாப் போங்க, இருந்தா இருங்க. பெட்டியை மட்டும் நடைவழியில வைக்காதீக."

பஸ் ஸ்டாண்டு டாக்டர்

நான் யாரிடமும் சொல்லாத பயம் ஒன்று இருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சிக்கந்தர் என்று ஒரு டாக்டர். என்னைவிட இளையவர், கைராசிக்காரர். ஒரு வருஷம் நான் கதவைச் சாத்தினால் என் நோயாளிகள் மொத்தமும் அவரிடம் போய்விடுவார்கள். எதிரே பார்த்தால் தலையசைப்போம், அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் ஸ்கூட்டரை என் வாசலில் நிறுத்தினார். விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்தார். நீங்கள் போனால் உங்கள் ஆட்கள் என்னிடம் வரத்தான் செய்வார்கள், வந்தவர்களைத் திரும்பிப் போ என்று சொல்லமாட்டேன் என்றார். நல்லது என்றேன் எரிச்சலோடு. ஆனால் நீங்கள் படித்து வந்தபின், அந்தப் புது மிசினில் நெஞ்சைப் படம் எடுக்க வேண்டிய என் ஆட்கள் எல்லாரையும் உங்களிடம்தான் அனுப்புவேன், காதை நம்பிக் காலம் தள்ள எனக்கும் பயமாக இருக்கிறது என்றார். இப்படி எவனும் என்னிடம் பேசியதில்லை. எடுக்க மிசின் எங்கே என்று கேட்டேன்.

"அண்ணே, கோயிலுக்குத் தேர் செஞ்சு குடுக்குற ஊரு இது. மிசினு வாங்கித் தர ஆளு இருக்காக. ஓட்டத் தெரிஞ்ச ஆளுதான் இல்லை. போயிட்டு வாங்க."

படித்து வந்து, மிசினும் வந்து, நான் பார்த்த நெஞ்சுகளில் பாதிக்கு மேல் ஒரு கோளாறும் இல்லாததால், அந்த ஒரு வருஷம் தகுமா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். பெட்டியோடு என்னை ரயிலேற்றியவர் யார் என்பதில் மட்டும் குழப்பம் இல்லை, டாக்டர் சிக்கந்தர்.