சாராள் மூடிய வளையங்கள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கிரானைட் பாலிஷ் கம்பெனிக்குள் வந்து நல்ல வேலைக்காரர் யார் என்று கேட்டால், யாரும் யோசிக்காமல் சாராளைக் காட்டுவார்கள். கருப்புக் கல்லில் வெள்ளையாக ஏதாவது விழுந்திருந்தால் அதை இல்லாமல் செய்வதுதான் அவள் வேலை. ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வருவாள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, சூடு காட்டிக் காட்டி, கருப்பு மருந்தைக் கல்லில் விட்டு ஊற வைப்பாள். பதினாறு வருடமாக இதே வேலை. அவள் கை பட்ட கல்லில் குறை சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. அவள் சேர்ந்த அதே வருடம் கிரேன் ஓட்டச் சேர்ந்தவன் நான், துளசிராமன். கல்லைத் தூக்குவேன், இறக்குவேன். அவளைப் போல் பெயர் எடுக்கவில்லை.

போன தை மாதம் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். பழைய குவாரி ஒன்றின் கல் நம்மிடம் கடைசியாக ஒன்று மீதி இருக்கிறது, அதைப் பார்க்க சென்னையிலிருந்து ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா வருகிறார், நன்றாகத் தயார் செய்து வையுங்கள் என்றார். தயார் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். அந்தக் கல் முழுக்கச் சிவப்புப் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டையும் சுற்றி வெள்ளை வளையம். சாராள் இரண்டு நாள் நிமிராமல் உட்கார்ந்து அத்தனையையும் மூடினாள். மூன்றாம் நாள் கல் குளத்துத் தண்ணீர் போல் கிடந்தது.

வந்தவர் பெயர் உமைரா. சொந்த ஊர் பழவேற்காடு, முப்பது வயது இருக்கும். கல்லைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இதுல வெள்ளையா வளையம் இருந்திச்சே, எங்கக்கா?"

"ஒண்ணு உடாம மூடிட்டேன் மேடம். தடவிப் பாருங்க, இன்னா மாதிரி வந்துகீது."

உமைரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மயக்கம் என்று நினைத்து நான் தண்ணீருக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது, மேலே அரைத்து எடுத்தால் வளையம் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கல்லு குடிச்சிடுச்சி மேடம். அடி வரிக்கும் எறங்கியிருக்கும்," என்றாள் சாராள்.

கிரேனால் புரட்டிக் காட்டினேன். அடியிலும் கருப்பு.

அப்புறம்தான் அவர் விஷயத்தைச் சொன்னார். ஐம்பது கோடி வருடங்களுக்கு முன்னால் இரண்டு நிலங்கள் மோதி மலை எழும்பியதாம். மேலே மலை உயர உயர, இந்தப் பாறை கீழே கீழே போயிருக்கிறது. முப்பத்தைந்து கிலோமீட்டர் ஆழம். இங்கே ரயில் ஏறினால் திருவொற்றியூர் வரை போகிற தூரம், நேராகப் பூமிக்குள். அந்த ஆழத்து அழுத்தத்தில் பிறந்ததுதான் சிவப்புப் பொட்டு. பிறகு மலை தேய்ந்து தேய்ந்து இல்லாமலே போக, பாறை மேலே வந்திருக்கிறது. அழுத்தம் தளர்ந்தபோது சிவப்பைச் சுற்றி வெள்ளை வளையம் கட்டியிருக்கிறது.

"அந்த மலை இப்ப இல்லக்கா. அது இருந்துச்சுங்கறதுக்கு இந்த வளையம்தான் சாட்சி. மருந்து ஏறிட்டா எதையும் அளக்க முடியாது. குவாரியில தண்ணி நிக்குது, எறங்க முடியாது. மூணு வருஷமா தேடிக்கினு இருக்கேன்." பிறகு கேட்டார்: "இதே கல்லு இன்னும் எத்தினி போயிருக்கும்?"

"முந்நூறு இருக்கும். எல்லாம் சமையல் மேடைக்குப் போச்சு," என்றேன்.

"எல்லாத்தையும் மூடிட்டீங்களா?"

"எல்லாம் நான்தான்," என்றாள் சாராள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. பதினாறு வருடம் மார்தட்டிக்கொண்ட வேலை. ஒரு நிமிடத்தில் ஒருத்தி வந்து அதை இப்படி ஆக்கிவிட்டாளே என்று எனக்கு உமைராவின் மேல் ஆத்திரம்தான் வந்தது.

"மருந்து படாத துண்டு கையகலம் கெடச்சாப் போதும்," என்றார் உமைரா.

அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான்கு வருடங்களுக்கு முன் சாராளின் புருஷன் எட்வர்ட் நெஞ்சுவலியில் போனபோது, வளையம் பெரிதாக இருக்கிறதென்று விலை போகாத இதே கல் பலகை ஒன்றை முதலாளி அவளுக்குக் கொடுத்தார். மினி லாரியில் ஏற்றிக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கியவன் நான்தான். அதற்கு மருந்து போட அன்றைக்கு அவளுக்குக் கை வரவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். இவளும் மூடிக்கொள்வாள் என்று நம்பினேன்.

"ஒண்ணு கீது," என்றாள் சாராள். "துளசி, பேட்டரி கட்டிங் மிஷின எடுத்துக்கோ."

கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்து பலகையில் பெயரைப் படித்ததும் உமைரா பின்வாங்கினார்.

"வேணாம்க்கா. தெரியாமக் கேட்டுட்டேன். போட்டோ எடுத்துக்கறேன், போதும்."

"போட்டோவ வெச்சிக்கினு அளக்க முடியுமா?"

உமைரா முடியாது என்று தலையாட்டினார்.

"சாராளு, பேஜாரு பண்ணாத. அது எட்வர்ட் கல்லு," என்றேன்.

"அவ்ளோ ஆழத்துலேர்ந்து வந்த கல்லுடா. முந்நூற மூடிட்டேன். இதையும் இல்லன்னு சொல்லச் சொல்றியா?"

மிஷினை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பலகையின் மேல் பாதியில் எட்வர்டின் பெயரும் தேதிகளும். கீழ்ப் பாதியில் எழுத்தே இல்லை. முந்தானையால் புழுதியைத் துடைத்தாள். சிவப்புப் பொட்டும் அதைச் சுற்றி உள்ளங்கை அளவு வெள்ளை வளையமும் அந்த வெற்றிடத்தில் தெரிந்தன. முட்டி போட்டு உட்கார்ந்து அங்கேயே பிளேடை வைத்தாள்.

"இந்த எடம் எதுக்குக்கா காலியா உட்டிருக்கு?" என்று கேட்டார் உமைரா.

"எம் பேருக்கு," என்றாள் சாராள். "நீ அந்தப் பக்கம் புடிச்சிக்கோ பாப்பா. துண்டு கீழ உழுந்துடப் போவுது."