மாமன் ஊதிய மணி

அழவும் கூடாது, சிரிக்கவும் கூடாது. மூக்கில் எதையாவது போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் சட்டம் இது. என்னிடம் ஈ.என்.டி. பயிற்சிக்கு வருகிறவர்களிடமும் இதைத்தான் முதலில் சொல்வேன். அழுதாலும் சிரித்தாலும் குழந்தை மூச்சை இழுக்கும். உள்ளே இருப்பது நழுவி மூச்சுக்குழாய்க்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. சட்டம் நல்ல சட்டம்தான். புதுக்கோட்டையில் என் கிளினிக்குக்கு வருகிற யாராவது அதை மதித்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

போன தை மாதம் ஒரு காலையில், அரிமளத்துப் பக்கம் ஒரு மண்டபத்திலிருந்து வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, கழுத்தில் மேளத்தோடு மேளக்காரர்கூட ஒருவர். நடுவில், மொட்டைத் தலையில் சந்தனம் மணக்க, மூன்று வயதுக் கவின். அன்று அவனுக்குக் காதுகுத்து.

"இவன் மாமன் கொண்டாந்த மணிதான் டாக்டரம்மா!" என்றார் கவினின் அப்பா. "துபாய்லருந்து மணி கோக்குற பொம்ம வாங்கியாந்தாரு. அதுல ஒண்ணை எடுத்து மூக்குல சொருகிட்டான்!"

அந்த மாமன் பாலு, ஏதோ கொலைக் குற்றவாளிபோலக் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். கவின் பிறப்பதற்கு முன்பே துபாய் போனவர். மருமகனை மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதற்காகவே லீவு கேட்டு வந்திருக்கிறார். பையனோ காலையில் அவர் மீசையைப் பார்த்ததுமே வீறிட்டு ஓடியிருக்கிறான். தாஜா பண்ணக் கொடுத்த பொம்மை இப்படி மூக்கில் ஏறிவிட்டது.

"தாய்மாமன் மடி ஆகாதுன்னா பெரியப்பா மடியில வச்சுக் குத்திருவோம்" என்றார் ஒரு பெரியவர். பாலுவின் முகம் செத்துப்போனது. எனக்கே பாவமாக இருந்தது.

ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன். நீல மணி, வழவழவென்று உருண்டை. இடுக்கி வைத்தால் வழுக்கி இன்னும் உள்ளே போகும். கொக்கி போட்டு இழுக்கலாம். பையன் அசையாமல் இருக்கவேண்டுமே! மயக்கம் கொடுக்கலாமென்றால் இப்போதுதான் பொங்கலும் வடையும் தின்றிருக்கிறான். சில மணி நேரம் காத்திருக்கவேண்டும், முகூர்த்தம் போய்விடும்.

மிச்சமிருந்தது ஒரே வழி. அடைக்காத மூக்கை நான் விரலால் மூடிக்கொள்வேன். அம்மா குழந்தையின் வாயோடு வாய் வைத்து ஒரே ஊது ஊதவேண்டும். காற்று மணியை வெளியே தள்ளிவிடும்.

அம்மா ரேவதி குனிந்தாள். சுற்றி நின்ற கூட்டம் சும்மா இருக்குமா?

"அடுப்பு ஊதுற மாதிரி ஊதுடி!"

"மூச்ச இழுத்துப் புடி ரேவதி!"

ரேவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி குனிந்தாள், மறுபடி சிரிப்பு. அதற்குள் சித்தப்பா ஒருவர் வேட்டி மடிப்பிலிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுத்தார்.

"ஒரு சிட்டிகை போட்டு விடுங்க. ஒரே தும்மல்தான்!"

"அந்த மட்டையைப் பிரிச்சீங்க, ஒங்களுக்குத்தான் முதல் ஊசி!" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் நர்ஸ்கூடச் சிரிப்பாள். அன்றும் சிரித்தாள்.

அடுத்து அப்பா வந்தார். வாய் நிறைய வெற்றிலை வாசம்.

"அப்பா நாறுது" என்று கவின் அவர் முகத்தைத் தள்ளிவிட்டான்.

அப்போது கதவோரத்திலிருந்து பாலு கேட்டார்: "டாக்டர், நான் ஊதிப் பாக்கவா?"

விடிந்ததிலிருந்து மண்டபத்துக்கு பலூன் ஊதியவராம். சட்டைப் பையிலிருந்து சிவப்பு பலூன் ஒன்றை எடுத்துக் கவின் முன்னால் மெல்ல ஊதினார். பையன் மீசையை மறந்து பலூனைப் பார்த்தான்.

"இப்ப மாமா ஒன்னைய ஊதப்போறேன். பெருசா ஆயிருவியா?"

கவின் யோசித்தான். "யான மாதிரியா?"

"யானையேதான்."

ஆவென்று வாயைத் திறந்தான். நான் மூக்கை மூடினேன். பாலு ஊதினார். நீல மணி பறந்து வந்து என் மூக்குக்கண்ணாடியில் டிக்கென்று அடித்து விழுந்தது!

அவ்வளவுதான், கிளினிக்கே கூத்தானது. மேளக்காரர் கெட்டிமேளமே கொட்டிவிட்டார். நானும் கை தட்டினேன். ஆனாலும் மறு மூக்கையும் இரண்டு காதுகளையும் பார்த்த பிறகே விட்டேன். ஒன்றைப் போட்டவன் இன்னொன்றும் போட்டிருப்பான். இதையும் இளையவர்கள் மனதில் வைக்கவேண்டும்.

கையோடு என்னையும் வேனில் ஏற்றிவிட்டார்கள். மண்டபத்தில் கவின் தானாகவே போய் மாமன் மடியில் ஏறி உட்கார்ந்தான். பாலு அவனைத் தொடவே பயந்து கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். ஆசாரி முதல் காதைக் குத்தினார். பையன் போட்ட அலறலில் மண்டபமே அதிர்ந்தது. இறங்கி ஓடிவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஓடவில்லை. ஒரு பக்க மூக்கைத் தன் விரலாலேயே பொத்திக்கொண்டு, மாமன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான்.

"ஊது மாமா."

பாலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டேதான் ஊதினார். அதற்குள் ஆசாரி அடுத்த காதையும் குத்தி முடித்துவிட்டார்.

இப்போதெல்லாம் மூக்கில் எதையாவது போட்டுக்கொண்ட பிள்ளை வந்தால், கொக்கியைத் தொடுவதற்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறேன்: "இவன் யார் சொன்னா வாயைத் திறப்பான்?" சிரிக்கக் கூடாது என்ற சட்டத்தை மட்டும் நான் இன்னும் மாற்றவில்லை. அன்று அந்த மண்டபத்தில் "ஊது மாமா" என்றதும் அதை முதலில் மீறியது நான்தான்.