நாப்பிக்கு ஒரு கை ஜாஸ்தி

வேலை ஒழுங்காக நடந்தால் வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வருகிற தொழில் ஒன்று உண்டென்றால், அது குழந்தைகளின் துணி நாப்பி துவைத்துக் கொடுக்கிற தொழில்தான். கறை இருந்தால் திட்டுவார்கள், அது நியாயம். கறையும் இல்லை, நாற்றமும் இல்லை, சோப்பு வாசனையும் இல்லை என்றால் துணியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். பிள்ளை பெற்று, பக்கெட் முன்னால் குந்தி உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்த அன்பர்களே, நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

நான் வளைகுடாவில் ஒரு ஹோட்டல் லாண்டரியில் பல வருஷம் மெஷின் ஓட்டியவன். ஊர் திரும்பி முதுநகரில் சொந்தமாக லாண்டரி போட்டேன். அப்போதுதான் மகள் பிறந்தாள். பெரிய லாண்டரி நிபுணர் என்ற திமிரில் அவள் துணிக்கு நானே பவுடரை அள்ளிப் போட்டு, அரைகுறையாக அலசிக் காயவைத்தேன். பிள்ளைக்குத் தொடையெல்லாம் சிவந்து போயிற்று. அன்றைக்கு என் மனைவி பேசிய பேச்சில்தான் இந்த நாப்பித் தொழில் பிறந்தது. கடையில் சட்டம் சுருக்கமானது. பவுடர் அளவோடு, அலசல் மூன்று முறை, ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுத் துணியோடு சேராது. என்னோடு வேலை செய்பவர் தேவனாம்பட்டினத்து அமிர்தம் அக்கா. வயதில் எனக்கு மூத்தவர், வாயில் அதைவிட மூத்தவர்.

அத்தாட்சி

எங்கள் முதல் வாடிக்கையாளர் பக்கத்துத் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை என்பதால் எல்லாவற்றையும் அவரே நேரில் வந்து பார்ப்பார். முதல் நாள் மடித்து வைத்த நாப்பிகளை மேஜையில் பரப்பி, கருவாடு வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். இருபதையும் முகர்ந்து முடித்துவிட்டு, "ஒண்ணும் வரலையே" என்றார்.

நான் பொறுமையாக விளக்கினேன். வாசனை வந்தால் துணியில் சோப்பு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், சோப்பு மிச்சம் இருந்தால் ஈரம் பட்டதும் குழந்தைக்கு எரியும், அதனால்தான் மூன்று தடவை அலசுகிறோம், ஒன்றும் வராமல் இருப்பதுதான் எங்கள் கெட்டிக்காரத்தனம் என்றெல்லாம் தொண்டை வறளச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டிக் கேட்டார். பையை எடுத்துக்கொண்டு படி இறங்கியவர் திரும்பி நின்று சொன்னார்:

"எல்லாம் சரிதான் தம்பி, ஆனா துவைச்சதுக்கு ஒரு அத்தாட்சி வேணாமா?"

கடைசி சீட்டு

சிதம்பரத்தில் எங்களுக்கு வாடிக்கை பிடித்துக் கொடுத்தது சங்கீதா. பேங்க்கில் வேலை. ஏழு மாதப் பையன் ஆதவ். அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னதில் அதே தெருவில் இன்னும் ஆறு வீடு சேர்ந்தது. செவ்வாயும் வெள்ளியும் பஸ்ஸில் நானே எடுத்துப் போவேன். போகும்போது பையில் வெள்ளை வெளேரென்று துவைத்த துணி. திரும்பும்போது மூடி போட்ட டிரம்மில் துவைக்க வேண்டிய துணி. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஏழு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து செய்த வேலையை முழுசாக மறைக்க முடியாது.

அந்த ரூட் கண்டக்டர் நல்ல மனுஷன். காலையில் முன் சீட்டில் உட்காரவைத்து டீ குடிச்சாச்சா என்று விசாரிப்பார். சாயந்திரம் டிரம்மோடு ஏறினால் பேச்சு மாறிவிடும். ஒருநாள், "இன்னும் கொஞ்சம் பின்னால போய்க்குங்க சார்" என்றார். "இதான்ணே கடைசி சீட்டு" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்தபடி, கோபமே இல்லாமல் சொன்னார்:

"அது தெரியும் சார், இருந்தாலும் முயற்சி பண்ணிப் பாருங்க."

குறிஞ்சிப்பாடிக் குடை

என் மனைவியின் தங்கை குறிஞ்சிப்பாடியில் இருக்கிறாள். சொந்தக்காரரிடம் துவைக்கக் கொடுத்தால் கௌரவம் என்னாவது என்று தானே துவைத்துக்கொள்கிற ரோஷக்காரி. ஒருநாள் போன் போட்டு, "மாமா, புள்ள மூத்திரம் போனா நாப்பி குடிக்கவே மாட்டேங்குது, எல்லாம் மடியில வருது. கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றாள். போய்ப் பார்த்தேன். நாப்பியை விரித்துப் பிடிக்கச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். சேம்பு இலையில் விட்ட மாதிரி தண்ணீர் உருண்டு ஓடி என் காலில் விழுந்தது. துணியின் மேல் ஒரு சொட்டு ஒட்டவில்லை.

"கடைசி அலசல்ல என்ன ஊத்துற?" என்று கேட்டேன். பூப்படம் போட்ட வாசனைத் திரவ பாட்டிலைப் பெருமையாகக் கொண்டுவந்து காட்டினாள். மூடியால் அளந்து ஊற்ற வேண்டியதை அவள் கணக்கே இல்லாமல் ஊற்றியிருக்கிறாள். அது துணியின் மேல் மெழுகு மாதிரி படிந்துவிட்டது, நாலைந்து தடவை வெந்நீரில் அலசினால்தான் சரியாகும், இனிமேல் அதைத் தொடாதே என்று ஒரு பிரசங்கம் பண்ணினேன். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டவள், கடைசியில் நாப்பியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப மழைக்காலம் வரைக்கும் இதுங்கள இப்படியே வச்சிருக்கட்டுமா மாமா?"

நூல் பார்த்துச் சொன்னது

எங்கள் கடையில் ஒவ்வொரு வீட்டு நாப்பியின் ஓரத்திலும் ஒரு கலர் நூல் தைத்திருக்கும். சலவைத் தொழிலில் துணிக்குக் குறி போடுகிற பழக்கம்தான். நமக்கு அது அடையாளம். அமிர்தம் அக்காவுக்கு அது பிள்ளைகளின் பேர். ஹார்டுவேர்காரர் மகள் சிவப்பு, சங்கீதாவின் பையன் பச்சை. ஒரு பிள்ளையையும் அக்கா கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் துணியைப் பிரித்ததுமே, "மஞ்சக்காரிக்கு வவுறு சரியில்ல", "நீலத்துக்குப் பல்லு மொளைக்குது போல" என்று ஆரம்பித்துவிடுவார். பச்சை நூல் வந்தால் மட்டும் குரலே மாறும். "வாடா என் ராசா, இன்னா பண்ணி வச்சிருக்கன்னு பாக்கலாம்" என்று துணியோடு பேசுவார்.

ஒருநாள் என் போனைப் பிடுங்கி சங்கீதாவுக்கே போன் போட்டார். "ஏம்மா, ரெண்டு நாளா புள்ளைக்கு நேந்திரம்பழம் குடுக்கிறியா? குடுக்கிறதுன்னா குடு, கூடவே தண்ணி குடு. வவுறு கட்டிக்கினு கஷ்டப்படுது பாரு." சங்கீதா மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, எங்க வீட்ல எங்கயாச்சும் கேமரா வச்சிருக்கீங்களா?"

மூன்றாவது தடவை

இதுவரை சிரித்தது போதும். ஒரு வியாழக்கிழமை சங்கீதா போனில் அழுதாள். ஆதவுக்கு இடுப்பிலிருந்து தொடை வரை சிவந்து, தோல் உரிந்து, நாப்பி பட்டாலே வீறிடுகிறானாம். டாக்டர், துணியில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டாராம். அவள் நிறுத்தினால் தெருவில் ஏழு வீடும் நிற்கும். அந்தப் பயம் எனக்கு இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதைவிட, என் மகளின் சிவந்த தொடை ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? "எங்க துணியா இருக்காதும்மா. உங்க வீட்ல யாராவது வாசனை கீசனை ஊத்தியிருப்பீங்க. நாளைக்கு வந்து நிரூபிச்சே காட்டுறேன்."

மறுநாள் போனேன். குழந்தை அழுது அழுது தொண்டை கம்மிப் போயிருந்தான். சங்கீதாவும் அவள் கணவர் பிரபுவும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பக்கெட் வெந்நீர் கேட்டேன். "சோப்பு இருந்தா நுரை வரும், இல்லன்னா வராது" என்று வித்தை காட்டுகிறவன் மாதிரி சொல்லிவிட்டு, அன்று நான் கொண்டுபோன பச்சை நூல் நாப்பியை முக்கிக் குலுக்கினேன். நுரை வந்தது. பக்கெட்டில் சோப்பு இருக்கிறது என்றேன். சங்கீதா தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடி வேறு நாப்பி. மறுபடி நுரை, முன்னைவிட நன்றாக. "ரெண்டு வாரமா துணி கமகமன்னு வருதேன்னு நான்கூடப் பாராட்டினேனே" என்றார் பிரபு. ஆமாம், பாராட்டினார். நானும் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்ணுகிற எனக்கு அன்றைக்கு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் பக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். சங்கீதா கேட்டாள்:

"அண்ணா, பக்கெட்ட மூணாவது தடவையும் கழுவட்டுமா?"

பச்சைக்கு மட்டும்

கடைக்கு வந்து மெஷினைப் பிரித்துப் பார்த்தேன், தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். மற்ற எல்லா வீட்டு நாப்பியையும் ஒவ்வொன்றாக வெந்நீரில் குலுக்கினேன். எதிலும் நுரை இல்லை. பச்சையில் மட்டும் பொங்குகிறது. பக்கத்தில் நின்ற அமிர்தம் அக்கா, "இன்னா தம்பி தேடுற?" என்றார். ஆதவுக்குத் தோல் உரிந்துவிட்டது என்று சொன்னதும் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவன் ஒருத்தனுக்கு மட்டும் அளவு போட்டுட்டு மேல ஒரு கை ஜாஸ்தியா போட்டேன் தம்பி. அலசுனா வாசனை பூடுமேன்னு ஒரே தண்ணியில எடுத்துட்டேன். புள்ள மணக்க மணக்க இருக்கட்டும்னு பாத்தேன்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்குக் கோபம் தலைக்கேறியது, ஆனால் அந்த அழுகையைப் பார்த்து ஒரு வார்த்தை திட்ட முடியவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் புத்தி உடனே வேறு பக்கம் போயிற்று. நம் கடற்கரையோரத்து போர்வெல் தண்ணீர் உப்பு என்று எல்லோருக்கும் தெரியும். உப்பு ஏறிப்போய் சோப்பு சரியாகப் போகவில்லை, இப்போது வேறு தண்ணீருக்கு மாறிவிட்டோம் என்று சொன்னால் சங்கீதா நம்பிவிடுவாள். வாடிக்கையும் போகாது, அக்காவின் பேரும் கெடாது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்:

"தண்ணி மேல பழி போடாத தம்பி, அதுக்கு வாயில்ல, எனக்கு இருக்கு. நானே வந்து சொல்றேன்."

ஆதவும் அக்காவும்

பச்சை நூல் துணி அத்தனையையும் வெந்நீரில், நுரை வருவது நிற்கும்வரை அலசினோம். நான்கு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, அக்கா நல்ல சேலை ஒன்று கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். அக்கா வாயை மூடிக்கொண்டு வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சங்கீதா வாசலில் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அக்கா நின்றபடியே, ஒரு கை பவுடர் ஜாஸ்தி போட்டது, அலசாமல் விட்டது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். "தம்பி மேல தப்பில்லம்மா. அவுரு சொன்ன அளவ மீறினது நான். நிறுத்தறதுன்னா என்னிய நிறுத்தச் சொல்லு, கடைய நிறுத்தாத." சங்கீதாவின் முகம் இறுகியே இருந்தது. "ஆறு நாள் அழுதான்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே பாயில் ஆதவ் இடுப்பில் துணியில்லாமல் கிடந்தான். காற்றுப் படட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். சிவப்பு அடங்கி, புதுத் தோல் வந்திருந்தது. எங்கள் சத்தம் கேட்டுத் திரும்பி, அக்காவைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். அக்கா சங்கீதாவைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இத்தனை மாதமாகத் துணியில் மட்டும் பார்த்த பிள்ளையை அக்கா முதல்முதலாகத் தூக்கினார். தூக்கிய இரண்டாவது நிமிஷம் நல்ல சேலை முழுக்க நனைத்துவிட்டான். அக்கா அசையவே இல்லை, அவன் போய் முடிக்கட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார், கண்ணில் தண்ணீர் வழிய. சங்கீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கொண்டுபோன பையை வாங்கி, ஒரு நாப்பியை எடுத்து முகர்ந்து பார்த்து, ஒரு வாசனையும் இல்லை என்று தெரிந்த பிறகு உள்ளே வைத்தாள். பிறகு அக்காவிடம் சொன்னாள்:

"இனிமே உங்க பாசத்த வாராவாரம் நேர்ல வந்து காட்டிட்டுப் போங்கக்கா, துணியில போட்டு அனுப்பாதீங்க."

அழுக்கு ஒரே துவைப்பில் போய்விடுகிறது அன்பர்களே, பாசம் போகத்தான் மூன்று அலசலும் பத்தவில்லை.