பத்மாவதி அரைத்த மிளகாய்

பத்மாவதிக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. சோமனூர்ப் பக்கம் நாலு விசைத்தறி ஓடும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினான்கு வருஷம்; சோற்றைக்கூட அடுப்படியில் நின்றுகொண்டேதான் உண்பாள். ஆனால் தொண்ணூற்று நான்காம் வருஷம் ஆடி மாதத்தில், நிற்கவும் விடாமல் உட்காரவும் விடாமல் அவளை ஆட்டிவைத்தது புருஷன் செங்கோடனின் இடது கால் கட்டைவிரல்.

விரல் நுனி கறுத்திருந்தது. நாலு எட்டு வைத்தால் கெண்டைக்கால் கவ்விப் பிடித்தது. கோயமுத்தூர் டாக்டர் பாதத்தை அங்குமிங்கும் அழுத்தி நாடி பார்த்தார்.

"ரத்தக் குழாய் அடைச்சிட்டு வருது. பீடி வேணுமா, கால் வேணுமான்னு யோசிச்சுக்குங்க. ரெண்டும் கிடைக்காது."

ரோட்டுக்கு வந்ததும் செங்கோடன், "யோசிக்கறதுக்கே ஒண்ணு பத்த வெக்கோணுமே, அம்மணி" என்று சிரித்தான். பத்மாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அப்புறம் அவள் செய்யாதது எதுவுமில்லை. கட்டுக்கட்டாகப் பீடியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினாள். மடியில் பொட்டுக்கடலை கட்டிக்கொடுத்தாள். கடலையும் தீர்ந்தது, பீடியும் புகைந்தது. அப்புசாமியின் டீக்கடைக்கே போய் நின்றாள்.

"ஏனுங்கண்ணா, இனிமேப்பட்டு அவருக்குப் பீடி குடுக்காதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கறேன்."

"அட, கையை எறக்கு கண்ணு. எங்கடையில கெடைக்காது. போதுமா?" என்றார் அப்புசாமி.

ஆனாலும் சட்டையைத் துவைக்க எடுத்தால் நாற்றம் அடித்தது. அப்புசாமி வாயில் சரி என்று சொல்லிவிட்டுக் கையில் கொடுக்கிறார் என்றே அவள் முடிவு கட்டினாள். புரட்டாசி அமாவாசைக்கு யாரிடமும் சொல்லாமல் ஆனைமலைக்குப் பஸ் ஏறினாள்.

மாசாணியம்மன் கோயிலில், அநியாயம் செய்தவர்கள் பெயரைச் சொல்லி மிளகாய் அரைத்து அங்குள்ள கல்லில் பூசிவிட்டு வருவது வழக்கம். அம்மனுக்கு எரிச்சல் எடுத்தால் தப்பு செய்தவனை விடமாட்டாள் என்பார்கள். காரியம் முடிந்ததும் எண்ணெய்க் காப்பு சாத்திக் குளிர்விக்க வேண்டும். ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்த பத்மாவதிக்கு யார் பெயரைச் சொல்வதென்று ஒரு கணம் தடுமாறியது. புருஷன் பெயரைச் சொல்ல நாக்கு வரவில்லை. அப்புசாமி பெயரைச் சொல்லவும் மனசு ஒப்பவில்லை, பிள்ளைகுட்டிக்காரர். கடைசியில், "அவருக்குப் பீடி குடுக்கற கை வெளங்காமப் போவோணும், தாயே" என்று அரைத்துக் கல்லில் பூசினாள். திரும்பி வரும் வழியெல்லாம் உள்ளங்கை காந்தியது.

மூன்றாம் நாள் மத்தியானம் தறிக்குடோனுக்குப் போசியில் டீ எடுத்துப் போனாள். தறிச் சத்தத்தில் அவள் வந்தது யாருக்கும் கேட்கவில்லை. அவளுடைய சொந்தத் தம்பி திருமலைசாமி, அக்கா வீட்டிலேயே தங்கித் தறி ஓட்டுகிறவன், கண்ணைத் தறியில் வைத்துக்கொண்டே இடுப்பிலிருந்து ஒரு பீடியை உருவி நீட்டினான். செங்கோடன் அதை வாங்கிக்கொண்டு பின்வாசலுக்கு நொண்டினான். கொடுத்த கை மறுபடி தறிமேல் போனது. ஊடு நூலோடு நாடா இங்குமங்கும் பாய்ந்துகொண்டிருந்தது. போன சித்திரையில் பக்கத்துக் குடோனில் நாடா அடித்து ஒருத்தனுக்கு இரண்டு விரல் போயிருந்தது. திருமலைசாமிக்குத் தையில் கல்யாணம்.

டீ போசி கீழே விழுந்தது. "தறிய நிறுத்து! கையை எடு சாமி, கையை எடு!"

நாலு தறியும் நின்றன. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் சிரித்த திருமலைசாமி, பாதியில் சிரிப்பை நிறுத்திக் கையை லுங்கியில் துடைத்தான்.

"ஏனக்கா, உனக்கு வேற ஆளே ஆம்படலையா?"

"அது நீயின்னு நான் கண்டனா? அப்புசாமியண்ணன்னில்ல நெனச்சேன்!"

"அந்தாளு பாவம். ரெண்டு மாசமா எங்களுக்கு ஒத்தப் பீடி தாரதில்ல. நான் கருமத்தம்பட்டி வரைக்கும் சைக்கிள் மிதிச்சு வாங்கியாரேன்."

செங்கோடன் பின்வாசலிலிருந்து வந்தான். வாயில் பற்றவைக்காத பீடி. "மொளகாயெல்லாம் அரைச்சுப் போட்டா ஆச்சா? பைத்தியக்காரி" என்றான். ஆனால் அவன் கண் மச்சினன் கையை விட்டு நகரவில்லை. டாக்டர் சொன்னபோது வராத கலவரம் இப்போது அவன் முகத்தில் இருந்தது. பீடியை எடுத்துக் கசக்கிப் போட்டான்.

"நாளைக்கே போயி எண்ணெயச் சாத்தீட்டு வந்துரு."

"அது முடியாதுங்க" என்றாள் பத்மாவதி. அடுத்த வார்த்தை எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. "நீங்க தொடாம தொண்ணூறு நாள் ஆவோணுமாமுங்க. அப்பத்தான் சாத்தோணும். நடுவுல ஒண்ணு குடிச்சாலும் தம்பி கைக்குத்தான் ஆவுமாம்."

எந்தப் பூசாரியும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. அம்மன் பேரில் பொய் சொல்லிவிட்டோமே என்று அன்று முதல் அவளுக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது.

செங்கோடன் அடைபட்ட மாடுபோல உலாத்தினான். காபி சூடில்லை என்று டம்ளரை வீசினான். வந்த நூல் வியாபாரியிடம் காரணமில்லாமல் சண்டைக்குப் போனான். ஒன்பதாம் நாள் அவன் தீப்பெட்டியை வெறுமனே திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தபோது, போய் ஒன்று குடித்துவிட்டு வரட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. தோன்றிய மறுநிமிஷம் குடோன் வாசலில் போய் நின்றுகொண்டாள். ஒரு கண் புருஷன் வாய்மேல், ஒரு கண் தம்பி விரல்மேல்.

"காலையிலிருந்து இங்கயே நிக்கறயே, சோறாக்க வேண்டாமா?" என்று செங்கோடன் கத்தினான்.

"நான் உள்ள போனா நீங்க வெளிய போயிருவீங்க."

"எங்க போறது?" காலை நொண்டிக்கொண்டு வந்து மச்சினனின் தறிப் பக்கத்திலேயே நின்றான். "மாப்ள கை இங்கதான கெடக்குது. போ, போயி ஒலைய வெய்யி."