சந்தனம் வைத்த இசைத்தட்டு

சுகர் லேண்ட் என்ற அமெரிக்க ஊரில் எங்கள் வீட்டில் சாமி அலமாரிக்கு அடுத்த அலமாரி ஓர் ஆஸ்திரேலிய இசைக்குழுவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அது அம்மாவின் ராஜ்ஜியம். கல்யாணத்துக்கு முன் அம்மா மெல்பர்னில் இரண்டு வருடம் படித்தாள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத அந்த ஊரில் அவளுக்குத் துணை அந்தக் குழுவின் பாட்டுதானாம். தொடக்கத்தில் கிடாரை உண்டு இல்லை என்று ஆக்கியவர்கள் போகப்போக சிந்தசைசருக்கு மாறிவிட்டார்கள் என்று அம்மா விளக்குவாள். எனக்கு வித்தியாசம் புரியாது. அப்பாவுக்கு எல்லாமே தகர டப்பா உருளும் சத்தம்.

அந்தக் குழு வெளியிட்ட ஆல்பங்கள், சிங்கிள் என்னும் சின்ன இசைத்தட்டுகள் அத்தனையையும் அம்மா ஒரு தாளில் வரிசையாக எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தாள். கைக்கு வந்ததற்கெல்லாம் பக்கத்தில் ஒரு டிக். முதல் வரிக்கு மட்டும் டிக் இல்லை. யாருக்கும் பெயர் தெரியாத காலத்தில் அவர்கள் கொஞ்சமே கொஞ்சம் அச்சிட்ட முதல் சிங்கிள் அது. "மூத்த பிள்ளைய பாக்காமலே மத்ததெல்லாம் வளத்துட்டு இருக்கேன்" என்பாள் அம்மா.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்த மூத்த பிள்ளை பார்சலில் வந்து சேர்ந்தது. சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக, பளபளவென்று கறுப்பாக இருந்தது. அம்மா விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. உடனே போட்டுக் கேட்பாள் என்று நினைத்தேன். "நாளைக்கு டியூட்டி முடிச்சிட்டு வந்து நிம்மதியா கேக்கணும்" என்று உறையிலிட்டு வைத்துவிட்டாள். அம்மா மருத்துவமனையில் ஃபார்மசிஸ்ட்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. அது அப்பாவின் ராஜ்ஜியம். மற்ற பண்டிகைகளை வார இறுதிக்குத் தள்ளி வைக்கிறவர், இந்த ஒன்றில் மட்டும் இம்மி பிசக மாட்டார். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலை புனர்பூஜை முடியும்வரை தொடக் கூடாது; அதுவரை ஓர் எழுத்துகூடப் படிக்கக் கூடாது. காலையில் பாலில் போட்டுத் தின்னும் சீரியல் டப்பாவின் முதுகைப் படித்ததற்காக நான் ஒருமுறை திட்டு வாங்கியிருக்கிறேன். முந்தைய வருடம் ஆபீசில் ஏதோ சர்வர் படுத்துவிட்டது என்று மேனேஜர் அலறியபோதுகூட, "லேப்டாப் பூஜையில இருக்கு, டுமாரோ" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போய்விட்டார்.

அம்மா காலையிலேயே வேலைக்குப் போய்விட்டாள். அப்பா அடுப்படியில் இருந்தார். புத்தகங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. என் கணக்குப் புத்தகம், அப்பாவின் லேப்டாப் எல்லாம் முடிந்த பிறகு படத்தைப் பார்த்தேன். சரஸ்வதி கையில் வீணை. எங்கள் வீட்டில் சங்கீதம் என்று இருப்பது ஒன்றுதானே? போய் அம்மாவின் புதுத் தட்டை எடுத்து வந்தேன். பிளாஸ்டிக் உறையில் சந்தனம் ஒட்டவில்லை. அதனால் தட்டையே வெளியே எடுத்தேன். புத்தகத்துக்கு நாலு மூலையில் வைப்போம். வட்டத்துக்கு மூலை ஏது? சுற்றிலும் வைத்தேன். கறுப்பில் மஞ்சளும் சிவப்பும் அவ்வளவு எடுப்பாக இருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கற்பூரம் காட்டும்போதுதான் அப்பா அதைப் பார்த்தார். சுற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. எப்படியோ ஆரத்தியை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"ஐ வாஸ் ஹெல்பிங், அப்பா. அம்மா லவ்ஸ் இட்!"

அப்பா அம்மாவை ஸ்பீக்கரில் அழைத்தார். அவள் ஃப்ரீவேயில் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார்.

"விடுங்க. பூஜையில வச்சாச்சு. நாளைக்கு எடுத்துக்கலாம்."

"சந்தனம் காஞ்சிடுச்சுன்னா கோடெல்லாம் அடைச்சிக்கும். அப்புறம் போகாது."

"போனா போகுது. கொழந்தைய திட்டாதீங்க."

அம்மா கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மெல்லிய குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை செய்ய வேண்டியதை அப்போதே செய்தார்: படத்தை வடக்கே லேசாக நகர்த்தி, தட்டை எடுத்துக்கொண்டார். அடுத்து நடந்ததை என் கண்ணே நம்பவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூஜையன்று, ஃபோனில் தட்டைக் கழுவுவது எப்படி என்று வரிவரியாகப் படித்தார். இஸ்திரிப் பெட்டிக்கு வாங்கி வைத்திருந்த டிஸ்டில்ட் வாட்டரை எடுத்தார். நான் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் பஞ்சால் கோடு போன வழியிலேயே சுற்றிச் சுற்றித் துடைத்தார். அவருடைய பட்டு வேட்டியெல்லாம் மஞ்சள்.

அம்மா வந்தபோது தட்டு காய்ந்து தயாராக இருந்தது. அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"பூஜைல இருந்து எடுத்துட்டீங்களா?"

"பொஸ்தகம்னா நாலு வரி படிச்சா புனர்பூஜை. இதுக்கு நாலு பாட்டு கேட்டா ஆச்சு. உக்காரு."

தட்டை பிளேயரில் போட்டு முள்ளை அவரே வைத்தார். ஓர் இடத்தில் மட்டும் டிக், டிக் என்று தட்டியது. அம்மா கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே கேட்டாள். அப்பா அந்தத் தகர டப்பாவை இரண்டு பக்கமும் முழுசாக, எழுந்திருக்காமல் கேட்டார். எனக்கு அன்று போல் நிம்மதி என்றைக்கும் இருந்ததில்லை.

சந்தடி சாக்கில், "அப்போ நான் காமிக்ஸ் படிக்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பார்த்தேன்.

"உதை வாங்குவ. நாளைக்குத்தான்" என்றார் அப்பா.

எவ்வளவு பெரிய அநியாயம்! இரவு படுத்துக்கொண்டு யோசித்ததில் ஒரே ஒரு காரணம்தான் தட்டுப்பட்டது. மறுநாள் பேர்லேண்ட் கோயில் வாசலில் என் தோழியைத் தனியே இழுத்துப் போய், "எங்கப்பாவுக்கு எங்கம்மான்னா பயம்" என்று பெரிய ரகசியமாகச் சொன்னேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எங்கப்பாவுக்கும்தான்" என்றாள். அது பயம்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.