‘எடுத்தவர்’ என்ற கட்டம்

செல்லதுரை இறந்த செய்தி வந்தபோது நான் ஆய்வுக்கூடத்தில் ஒரு மீன் செதிலை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின வாரம் அவர் கொண்டுவந்து கொடுத்த மீன் அது. அவருடைய அக்கா மகள் தேவகிதான் போனில் பேசினாள். “மாமா போயிட்டாருங்க” என்றாள். விடிந்ததும் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார். வேனில் ஏற்றிக் கொல்லிமலையிலிருந்து கீழே இறக்கியிருக்கிறார்கள். பாதி வளைவுகள் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அழாமல் சொல்லிவிட்டு, “நீங்க வாரீங்கல்ல?” என்று கேட்டாள். வருகிறேன் என்றேன்.

பெரக்கரை நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்) அவர் வீட்டு வாசலில் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் நாம் எல்லோரும் பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், மெதுவாகச் சொன்னீர்கள்: “தங்கமான மனுஷன். அந்த மருந்தை மட்டும் எடுக்காம இருந்திருக்கலாம்.” நாலு தலைகள் ஆடின. எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். அந்த வாய் அன்றும் திறக்கவில்லை. இது இரண்டாவது முறை. இறந்தவரைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்பார்கள். அதைப் பேசுவதென்றால், உயிரோடு இருக்கிற ஒருத்தியைப் பற்றிக் கெட்டதும் பேச வேண்டியிருக்கிறது. அவரோடு வேலை செய்தவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தோலுக்கு நிறம் தரும் செல்களை வேலை செய்யச் சொல்லி ஏவுகிற ஒரு ஹார்மோன் நம் உடம்பிலேயே இருக்கிறது. சிறிய பெப்டைடு. பதின்மூன்று அமினோ அமிலங்களைப் பூத்தொடுப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் அது கிடைக்கும். அதில் ஒன்றிரண்டை மாற்றி, சீக்கிரம் சிதையாத செயற்கை ஹார்மோனைச் செய்து பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. செய்ததை மீன் செதிலில் ஒரு சொட்டு விட்டுச் சோதிப்போம். செதிலில் கடுகுபோல ஒடுங்கிக் கிடக்கும் கரும்புள்ளிகள், ஹார்மோன் சரியாக இருந்தால், சில நிமிடங்களில் விரிந்து பரவும். மனிதர்களுக்குக் கொடுக்கும் நிலையை நாங்கள் எட்டவில்லை, அருகில்கூடப் போகவில்லை.

செல்லதுரையும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவருக்குப் பத்து விரல்களிலும் உதட்டோரத்திலும் வெண்திட்டுகள் இருந்தன. தன் நோய்க்கு மருந்து தேடித்தான் இந்த வேலைக்கு வந்திருக்கிறார் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டு, சேர்ந்த அன்றே கேட்டும் விட்டேன். அவர் கோபப்படவில்லை. “வேலை கெடச்சுதுங்க அம்மணி, வந்தேன். என் கைக்கு என்னங்க கொறச்சல், நல்லாத்தானே புடிக்குது?” என்றார். வாசலூர்பட்டிப் பக்கத்துக் குட்டையிலிருந்து பிளாஸ்டிக் கேனில் ஜிலேபிக் கெண்டைகளை உயிரோடு பஸ்ஸில் கொண்டுவருவார். குழம்புக்கா என்று கேட்கிற கண்டக்டரிடம், இது பரீட்சை எழுதப் போகிற மீன் என்பாராம்.

ஃப்ரீசர் அவர் பொறுப்பில் இருந்தது. உறைபனியில் லேபிள்கள் உரிந்து விழுந்துவிடும் என்பதால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சுத்தமானது என்று சோதனை முடிவு வந்த குப்பிகளின் கழுத்தில் வெள்ளை நூல் கட்டுவார். முடிவு வரும்வரை குப்பி வெறுங்கழுத்தோடு நிற்கும். ரிஜிஸ்டரில் ஒவ்வொரு குப்பிக்கும் இரண்டு கட்டங்கள். ‘எடுத்தவர்’ என்ற கட்டத்தில் எடுத்தவர்தான் தன் கையால் பெயர் எழுத வேண்டும். ‘பொறுப்பாளர்’ கட்டத்தில் செல்லதுரை கையெழுத்து. ஒருவர் பெயரை இன்னொருவர் எழுதக்கூடாது என்பது எங்கள் கூடத்தில் சட்டம் மாதிரி. தலை போகிற அவசரம் என்றாலும் அவர் அதை மீறமாட்டார்.

அவருடைய அக்கா அலமேலு ஒருநாள் மலையிலிருந்து வந்தார். தேவகிக்குக் கழுத்தில் திட்டு விழுந்து பரவிக்கொண்டிருந்தது. கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். தம்பி வேலை செய்யும் இடத்தில் தோலைக் கறுக்க வைக்கும் மருந்து இருக்கிறதே, அதில் ஓர் ஊசி வேண்டும் என்று கேட்டார். செல்லதுரை முடியாது என்றார். “சுத்தமாவே இருந்தாலும் இது மீனுக்குத்தான் அக்கா, மனுசருக்கு இல்ல” என்றார். அலமேலு என்னிடம் வந்து அழுதார். பெண்ணின் வாழ்க்கை என்றார். எனக்கு மனசு இளகியது. இளகியது மட்டும் என்று எழுதினால் அதுவும் பொய். பத்து நாள் தூங்காமல் நான் செய்த பொருள் அது. அது பலிக்கும் என்று காட்ட எனக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது. அடுத்த நாள் செல்லதுரை மீனுக்குத் தண்ணீர் மாற்றப் போன நேரத்தில், வெள்ளை நூல் கட்டிய குப்பி ஒன்றை எடுத்து அலமேலுவிடம் கொடுத்தேன். ரிஜிஸ்டரில் எழுதவில்லை.

அந்த நூலைக் கட்டியதும் நான்தான். சோதனை முடிவு அப்போது வந்திருக்கவில்லை. நான் செய்தது சுத்தமாகத்தான் இருக்கும் என்ற நினைப்பில் பன்னிரண்டு குப்பிகளுக்கும் முன்கூட்டியே கட்டி வைத்திருந்தேன்.

முடிவு மூன்றாம் நாள் மதியம் வந்தது. தேறவில்லை. கடைசிக் கட்டத்தில் சேர்க்கும் அமிலம் முழுதாக நீங்கவில்லை. என்னவென்றே தெரியாத வேறு துண்டுகளும் கலந்திருந்தன. நூலை முன்பே கட்டிவிட்டேன் என்றேன். செல்லதுரை கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நூல்களை வெட்டப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து என் மேசை முன்னால் நின்றார். “ஒண்ணு கொறையுதுங்க அம்மணி.”

நான் சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “எப்பப் போடறாங்களாம்?”

இன்றைக்குச் சாயங்காலம், வாசலூர்பட்டியிலிருந்து ஒரு பழைய கம்பவுண்டர் வந்து போடுவதாகப் பேச்சு என்றேன். அவர் அக்காவுக்குப் போன் போட்டார். தேவகிக்குப் போட்டார். பக்கத்து வீட்டுக்குப் போட்டார். மேலே மழை, எந்தப் போனும் போகவில்லை. கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு, “வண்டில உக்காருங்க. நீங்க சொன்னாத்தான் அக்கா நம்பும்” என்றார்.

அந்த மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதியிருக்கும். சின்ன வயதிலிருந்து அடிவாரத்தில் வளர்ந்தவள், நூறு முறை ஏறியிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். அந்தக் குப்பியில் இருந்த பொடியில் என்னென்ன மிச்சம் இருக்கும் என்று அவரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும், செய்தவள் நான். அது ரத்தத்தில் கலந்தால் என்ன ஆகும் என்று மட்டும் தெரியாது. யாருக்குமே தெரியாது. நாற்பதாவது வளைவுக்கு மேலே ஒரு மரவள்ளிக்கிழங்கு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. முன்னும் பின்னும் வண்டிகள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. செல்லதுரை ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி லாரிக்காரர்களிடம் ஏதோ சொன்னார். நான்கு பேர் சேர்ந்து பைக்கைத் தூக்கி, லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் அந்தப் பக்கம் இறக்கினார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். கீழே பார்க்கவில்லை. அக்காவிடம் என்ன சொல்வது என்று மறுபடி வண்டியில் ஏறும்போது கேட்டேன். “நெசத்தச் சொல்லுங்க” என்றார்.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது கம்பவுண்டர் மருந்தைக் கரைத்து ஊசியில் ஏற்றியிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்துக் காற்றுக் குமிழியை விரலால் சுண்டிக்கொண்டிருந்தார். தேவகி கட்டிலில் ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணா, ஊசியக் கீழ வைங்க” என்றார் செல்லதுரை. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கம்பவுண்டர் வைத்துவிட்டார்.

அலமேலு தம்பியின் மேல் பாய்ந்தார். பெற்ற பிள்ளை போல நீ தூக்கி வளர்த்த பெண்ணுக்கு ஓர் ஊசி கொடுக்க மனசில்லையா, உன்னைப்போல அவளும் ஒண்டிக்கட்டையாக நிற்க வேண்டுமா என்று கேட்டார். அவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்றவர், கடைசியில் இரண்டு கைகளையும் அக்கா முன்னால் நீட்டினார். “இது ஆகறதா இருந்தா, இந்தக் கைக்கு மொதல்ல போட்டுப் பாத்திருக்க மாட்டனா அக்கா?”

அலமேலு என் பக்கம் திரும்பினார். இந்த அம்மாதானே நல்ல மருந்து என்று கொடுத்தது என்றார். கொடுத்தது நான்தான், தப்பும் என்னுடையதுதான், சோதனையில் தேறாத மருந்து அது என்று சொன்னேன். அந்த வீட்டில் என் வாய் வேலை செய்தது. அதை நினைத்துப் பின்னால் நான் பெருமைப்பட்டதுகூட உண்டு.

தேவகி சுருட்டிய கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். “வேணாங்க மாமா. கழுத்தப் பாத்துட்டுப் போறவங்க இப்பவே போவட்டும்” என்றாள். மாப்பிள்ளை வீட்டார் போகத்தான் செய்தார்கள். அலமேலு தம்பியோடு இரண்டு வருடம் பேசவில்லை. தேவகிக்குப் பிறகு அதே நாட்டிலேயே வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. தாய்மாமன் சீர் செய்ய அவரும் போய் நின்றார்.

மறுநாள் காலையில் செல்லதுரை ரிஜிஸ்டரைத் திறந்தார். குப்பி எண்ணை எழுதினார். வெளியே தன் அக்கா வீட்டுக்குப் போனது, திரும்பக் கொண்டுவரப்பட்டது, அழிக்கப்பட்டது என்று எழுதினார். பொறுப்பாளர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை ரிஜிஸ்டர் மேலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். ‘எடுத்தவர்’ கட்டம் எனக்காகக் காலியாக இருந்தது. நிரந்தர வேலைக்கான நேர்காணல் எனக்கு அடுத்த வாரம். நாளைக்கு எழுதலாம் என்று பேனாவை மூடி வைத்தேன்.

அந்த ‘நாளை’ வருவதற்குள் இயக்குநர் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டார். மருந்து போனது செல்லதுரையின் ஊருக்கு. போய்ச் சேர்ந்தது அவர் அக்கா வீட்டுக்கு. பக்கத்தில் இருக்கும் ஒரே கையெழுத்து அவருடையது. கையிலும் உதட்டிலும் வெண்திட்டு வேறு. யார் எடுத்தது என்று கேட்டபோது அவர், “எடுத்தவங்க அதுல எழுதுவாங்க சார்” என்றார். நான் பத்தடி தள்ளி, சுற்றி முடித்து நின்றுவிட்ட சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அவரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்து, மாணவர்களின் செய்முறைக்கூட ஸ்டோர் ரூமில் போட்டார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது.

சாமான்களை எடுத்துக்கொண்டு போகிற அன்று அவர் வழியில் நின்று சொன்னேன், எப்படியாவது சொல்லிவிடுகிறேன் என்று. அவர் சட்டைப்பையிலிருந்து வெள்ளை நூல்கண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். “அது உங்க கட்டமுங்க அம்மணி. நான் எழுத முடியாது. நீங்க எழுதாமயும் இருக்க முடியாது. எழுதத்தான் போறீங்க” என்றார். நூலை முடிவு வந்த பிறகு கட்டச் சொன்னார்.

அதன்பிறகு ஆறு வருடம், மாதம் தவறாமல் எங்களுக்கு மீன் கொண்டுவந்து கொடுத்தார். அது இப்போது அவர் வேலையே இல்லை. ஒவ்வொரு முறையும், இன்றைக்குக் கேட்பார் என்று நினைப்பேன். பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்பார், மழை பெய்ததைச் சொல்வார், கேனை வைத்துவிட்டுப் போவார். ஒரு தடவை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. செய்தவளுக்கு வரக்கூடாத கோபம். ஆனாலும் வந்தது.

நேற்று பழைய ரிஜிஸ்டர்களின் அறையைத் திறக்கச் சொல்லி அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அவருடைய கையெழுத்து கொஞ்சம் வெளுத்திருந்தது. பக்கத்துக் கட்டம் அப்படியே காலியாக இருந்தது. என் முழுப்பெயரை எழுதினேன். பழைய தேதி போடுவது எங்கள் கூடத்தில் குற்றம். நேற்றைய தேதியையே போட்டேன். ரிஜிஸ்டரை இயக்குநரின் மேசையில் விரித்து வைத்துவிட்டு வந்தேன். இனி என்ன செய்வார்களோ, செய்யட்டும்.

பிறகு தேவகிக்குப் போன் செய்து சொன்னேன். “மாமா சொல்லிட்டேதானுங்க இருந்தாரு, அம்மணி எழுதிருவாங்கன்னு” என்றாள். செய்தி சொன்ன அன்று அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நூல்கண்டு மட்டும்தான். இந்த வாரம் செய்து முடித்த பன்னிரண்டு குப்பிகள் ஃப்ரீசரில் இருக்கின்றன. சோதனை முடிவு இன்னும் வரவில்லை. ஒன்றின் கழுத்திலும் நூல் இல்லை.