சாம்பிள் வரிசையில் முதல் பாட்டு

குமாரபாளையத்தில் இன்றும் பாதிப் பேர் ஜீவானந்தத்தை ரேடியோசெட்டுக்காரன் என்றுதான் சொல்கிறார்கள். பாட்டுக்கு மிக்ஸிங் செய்கிறவன் என்றால் யாருக்கும் புரிவதில்லை. பாடுகிறவர் குரல், பம்பை, நாதஸ்வரம், கீபோர்டு என்று தனித்தனியாகப் பதிவாகி வரும் முப்பது நாற்பது ட்ராக்குகளை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் ஒரே பாட்டாகச் சேர்த்துக் கொடுப்பது அவன் வேலை. எந்த ஸ்டுடியோவிலும் அவன் சம்பளக்காரன் இல்லை. சொந்தக் கம்ப்யூட்டர், சொந்தக் காது.

பாலிடெக்னிக் முடித்ததும் அப்பா பாலசுந்தரம் தறிக்குடோனுக்குத்தான் கூப்பிட்டார். அவன் போகாமல் கோயில் நோம்பி, திருவிழா என்று ஸ்பீக்கர் கட்டப் போனான். வீடியோக்களைப் பார்த்து மிக்ஸிங் பழகினான். வீட்டில் தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று பவானிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் ஜமக்காளம் தொங்கவிட்டான். பிறகு சேலத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்தான். அங்கேதான் மெஹ்ரீன் பழக்கமானாள்.

சேலம் கோட்டைப் பக்கம் மெத்தைக் கடை வைத்திருக்கும் சமியுல்லாவின் மகள். பி.காம். முடித்துவிட்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ட்ராக்குகளை வைத்து வீட்டிலேயே ஹெட்போனில் பழகிக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்த பின்னும் இருவரும் செய்ததை ஒருவருக்கொருவர் அனுப்பிக் குறை கேட்பார்கள். அவன் ஆறு வயது மூத்தவன். அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

அவனுக்கு முதன்முதலாகக் கிடைத்த பெரிய வேலை பரமத்தி வேலூர் தமிழரசுவின் பாட்டு. வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவர்களைப் பற்றி அவரே எழுதிப் பாடியது. ஜீவானந்தம் மிக்ஸ் செய்து அனுப்பினான்.

“பாட்டு நல்லாருக்குதுங்க. ஆனா என்ர குரல் கெணத்துக்குள்ளிருந்து வாராப்ல இருக்குது” என்றார் தமிழரசு.

குரலை ஏற்றிக் கொடுத்தான்.

“இப்ப மைக்குல அறிவிப்புப் பண்றாப்ல தனியா நிக்குதுங்களே.”

மூன்றாவது முறையும் திரும்பி வந்தது. எங்கே தப்பு என்று கேட்டு மொத்த ட்ராக்குகளையும் மெஹ்ரீனுக்கு அனுப்பினான். இரண்டு நாள் கழித்துப் பாட்டையே முழுதாகச் செய்து அனுப்பியிருந்தாள். ‘எப்படிச் சொல்றதுன்னு தெரியல அண்ணா, செஞ்சே பாத்துட்டேன். புடிச்சா எடுத்துக்கங்க’ என்று கீழே எழுதியிருந்தாள்.

போட்டுக் கேட்டான். தமிழரசுவின் குரலை அவள் தொடவேயில்லை. குரலின் வழியில் நின்ற பம்பையையும் கீபோர்டையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிவிட்டிருந்தாள். தமிழரசு பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் மனைவி மோகனப்பிரியாவுக்கும் போட்டுக் காட்டினான்.

அதை அப்படியே தமிழரசுவுக்கு அனுப்பினான். உடனே போன் வந்தது. “இப்பத்தானுங்க இது என்ர பாட்டு! எப்படிங்க பண்ணுனீங்க?”

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். “ரெண்டு நாளா விடாம ஒக்காந்தேனுங்க” என்று வந்தது.

அடுத்த வாரம் மெஹ்ரீன், “பார்ட்டி என்ன சொன்னாங்கண்ணா?” என்று கேட்டாள். அவர் பழைய மிக்ஸே போதுமென்றுவிட்டார் என்றான். “சரிண்ணா” என்றாள். மிக்ஸிங் ஜீவானந்தம் என்ற பெயரோடு பாட்டு இணையத்தில் வந்த அன்று, லைக் போட்டவர்களில் அவள் பெயரும் இருந்தது. ஆனால் எதுவும் கேட்கவில்லை. புடிச்சா எடுத்துக்கங்க என்று அவளேதானே எழுதினாள் என்று அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மனசைச் சமாதானப்படுத்தினான்.

வேலை தேடுகிற மிக்ஸிங்காரனுக்குச் சாம்பிள்தான் முகம். அந்தப் பாட்டைத் தன் சாம்பிள் வரிசையில் முதலாவதாக வைத்தான். ஈரோட்டிலிருந்து, ஓமலூரிலிருந்து, சிங்கப்பூரிலிருந்துகூட ஆள் வந்தார்கள். வந்த எல்லோரும் அந்தப் பாட்டைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கேட்கும்போதெல்லாம் உள்ளே ஒன்று சுருங்கும். பிறகு அதுவும் பழகிப்போனது. இப்படி இரண்டு வருஷம் ஓடியது.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாமக்கல்லிலிருந்து போன். எச்சில் கையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். கதைகளை ஒலிவடிவில் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் மேனேஜர் சரவணமுத்து பேசினார்.

“மெஹ்ரீன்னு ஒரு புள்ள வேலைக்கு வந்திருக்குதுங்க. கொடிக்கால் பாட்டு அது பண்ணதாச் சொல்லுது. உங்க சாம்பிள்லயும் அதுதானுங்க மொதல்ல இருக்குது. யாரு பண்ணதுங்க?”

பருப்பு ஊற்ற வந்த மோகனப்பிரியா கரண்டியோடு நின்றாள்.

“நாந்தானுங்க” என்றான். “அந்தப் புள்ள எங்கிட்டக் கத்துக்கிட்டிருந்துது. கூடமாடக் கொஞ்சம் பாத்திருக்கும்.”

“அப்பப் பொய் சொல்லுதுங்களா?”

“சின்னப் புள்ளைங்க. போனாப் போவுது, விடுங்க.”

பெரிய மனுஷன்போல அதை வேறு சொன்னான். போனை வைத்த பிறகு மோகனப்பிரியா மெதுவாகக் கேட்டாள்: “ஏனுங்க, அது பண்ணி அனுப்புனதும் எனக்குத்தான மொதல்ல போட்டுக் காட்டுனீங்க? எப்படிப் பண்ணியிருக்குது பாருன்னு சொன்னீங்களே.”

அவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். அன்றிலிருந்து அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேறு பேச்சும் அதிகம் பேசவில்லை. மாடி அறையில் எந்தப் பாட்டைத் திறந்தாலும், போனாப் போவுது விடுங்க என்று தான் சொன்ன தொனிதான் அவன் காதில் கேட்டது.

ஐந்தாம் நாள் சேலத்துக்குப் பஸ் ஏறினான். மெஹ்ரீனை நேரில் பார்த்துச் சொல்லிவிடுவது என்று முடிவு. கடையில் அவள் இல்லை. சமியுல்லா ஒரு மெத்தையைத் தைத்து முடித்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ சொன்னார்.

“ஜீவா அண்ணன் நம்பித்தான் ட்ராக்கெல்லாம் குடுக்குறாருன்னு மெஹ்ரீன் எப்பவும் சொல்லும் தம்பி” என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, “நாமக்கல்ல ஒரு கம்பெனிக்குப் போச்சு. வேற யாரோ செஞ்ச பாட்டைக் கொண்டாந்து காட்டுதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். வந்ததிலேர்ந்து சரியாச் சாப்பிடல. எம்பொண்ணு பொய் சொல்லாது தம்பி. தொழில்ல உங்களுக்குப் பேர் இருக்கு. நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாக்கலாமா?” என்று கேட்டார்.

டீ கிளாஸ் கையைச் சுட்டது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவனால் முடியவில்லை. “பேசறேனுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபடி சரவணமுத்துவைக் கூப்பிட்டான். “அந்தப் பாட்டு மெஹ்ரீன் பண்ணதுங்க. முழுசா அதுதான் பண்ணுச்சுங்க. அன்னைக்கு நான் சொன்னது பொய்யிங்க.”

“வேற ஆளைச் சேத்தாச்சேங்க” என்றார் அவர். “ஒரு பொம்பளப் புள்ளையப் பொய்யின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லி அனுப்பிட்டேனே. உங்களை நம்பித்தானுங்க சொன்னேன்.” வைத்துவிட்டார்.

அடுத்து மெஹ்ரீனைக் கூப்பிட்டான். எல்லாவற்றையும், தமிழரசுவிடம் சொன்ன முதல் பொய்யிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னான்.

“பாட்டு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். நான் செஞ்சது எனக்குத் தெரியாதா? நீங்களே ஒரு நாள் சொல்வீங்கன்னு இருந்தேன். அப்புறம் எதிர்பாக்கறதையே விட்டுட்டேன்” என்றாள். “எடுத்ததுகூடப் பெருசில்ல. அந்த மேனேஜர்கிட்ட என்னைப் பொய்க்காரின்னு ஆக்கிட்டீங்களே.”

அவன் மன்னிப்புக் கேட்டான். “கேட்டுட்டீங்க. சரி” என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அத்தா சமியுல்லாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், இனிமேல் கடைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லி முடித்தாள்.

அன்றே தமிழரசுவுக்கும் சொன்னான். அவர் திட்டவில்லை. பாட்டின் கீழே பெயரை மட்டும் மாற்றினார். அவருடைய அடுத்த நான்கு பாட்டுகளும் மெஹ்ரீனுக்குத்தான் போயின. அவற்றைக் கேட்டுவிட்டுக் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் அவளுக்கு வேலை வர ஆரம்பித்தது.

ஜீவானந்தம் அந்தப் பாட்டைச் சாம்பிளிலிருந்து எடுத்தான். மிச்சமிருந்த சொந்தப் பாட்டுகளைக் கேட்டபோதுதான் இரண்டு வருஷமாகத் தான் அதே தப்பைச் செய்துகொண்டிருந்தது தெரிந்தது. எல்லாப் பாட்டிலும் குரலைத் தூக்கித் தூக்கியே வைத்திருந்தான். பேர் கிடைத்த பிறகு கற்றுக்கொள்வதை நிறுத்தியிருந்தான். மறுபடி அடியிலிருந்து பழகினான். சில பழைய ஆட்கள் விட்டுப் போனார்கள். ஆறு மாதம் நோம்பிகளுக்கு ஸ்பீக்கர் கட்டப் போனான். இப்போது மாதத்துக்கு நான்கைந்து பாட்டு வருகிறது. ஓரளவு நன்றாகவே செய்கிறான்.

புதிதாக வருகிறவர்களில் யாராவது இன்னமும் கேட்பதுண்டு. போன வாரம் ராசிபுரத்திலிருந்து வந்த ஒருவர், “அந்தக் கொடிக்கால் பாட்டு மாதிரியே வேணுமுங்க” என்றார்.

“அது நான் பண்ணதில்லைங்க. சேலத்துல மெஹ்ரீன்னு ஒருத்தங்க பண்ணது. நம்பர் தாரேன், பேசுங்க.”

“உங்க பேருதானுங்களே சொன்னாங்க?”

“நாந்தான் அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனுங்க” என்றான் ஜீவானந்தம். நம்பரை எழுதிக் கொடுத்தான். வந்தவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். நாலைந்து பேரிடம் சொல்லிவிட்டால் பழகிவிடும் என்று நினைத்திருந்தான். அன்றும் அவனுக்கு முகம் காந்தியது.